பிளான் அப்ரூவலுக்குக் கொடுக்கும் முன் ஒரு கணக்கு: தமிழ்நாட்டில் வீடு கட்டுபவர்களுக்கு ஈகோ நிவாஸ் சம்ஹிதா முழுமையான வழிகாட்டி

வீடு கட்டப் போகிறவர்கள் பிளான் அப்ரூவல் என்றதும் யோசிப்பது பக்கத்தில் எவ்வளவு இடம் விட வேண்டும், எத்தனை மாடி போகலாம், கட்டணம் எவ்வளவு ஆகும் என்பதைத்தான். அந்த வீடு மே மாத மதியத்தில் எவ்வளவு சூடேறும் என்பதையும் அதே வரைபடத்தை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். அதற்கென்றே ஒரு விதித்தொகுப்பு இருக்கிறது, பெயர் ஈகோ நிவாஸ் சம்ஹிதா. மத்திய மின்துறை அமைச்சகத்தின் கீழ் இயங்கும் பிஇஇ, அதாவது ஏசி மீதும் ஃபிரிட்ஜ் மீதும் இருக்கும் நட்சத்திரக் குறியீட்டுக்குப் பொறுப்பான அதே அமைப்பு, 2018 டிசம்பரில் இதை வெளியிட்டது.

இதில் இருக்கும் கணக்குகள் பத்தாம் வகுப்புப் பெருக்கல் வகுத்தல்தான். பிளான் நகல் ஒன்று, கால்குலேட்டர் ஒன்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும். ஆனால் பிளான் கொடுப்பதற்கு முன்னால் செய்ய வேண்டும். ஜன்னல் எங்கே, சுவர் எதில், கூரை மேல் என்ன என்ற மூன்றும் கட்டிய பிறகு மாற்ற முடியாதவை, அல்லது மாற்றப் போனால் கட்டியதைவிட அதிகமாகச் செலவு வைப்பவை.

எந்த விதி உங்களைக் கட்டுப்படுத்தும்?

முதலில் இதைத் தெளிவாக்கிக்கொள்வோம், ஏனென்றால் இதில்தான் பலர் குழம்புகிறார்கள். தமிழ்நாட்டில் உங்கள் வரைபடத்தைப் பரிசீலிப்பது தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019ன் கீழ். சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சிஎம்டிஏ ஆனாலும் நகர ஊரமைப்பு இயக்ககமான டிடிசிபி ஆனாலும் மாநகராட்சி, பஞ்சாயத்து ஆனாலும் இதுதான். மழைநீர் சேகரிப்பு இதில் கட்டாயம். குறிப்பிட்ட அளவைத் தாண்டிய கட்டடங்களுக்கு சூரியசக்தி ஏற்பாடும் வரும்.

அப்புறம் மத்திய அரசின் ஆற்றல் விதிகள். வணிகக் கட்டடங்களுக்கானது இசிபிசி. 2007ல் வந்தது, 2017ல் திருத்தினார்கள், 100 கிலோவாட் இணைப்புச் சுமை அல்லது 120 கேவிஏ ஒப்பந்தத் தேவை உள்ள கட்டடங்களுக்குப் பொருந்தும்படி எழுதப்பட்டது. குடியிருப்புகளுக்கானது ஈகோ நிவாஸ் சம்ஹிதா. 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைகளில் கட்டும் குடியிருப்புகளை மனதில் வைத்து எழுதியிருக்கிறார்கள், நம் கணக்கில் அது இரண்டேகால் கிரவுண்டு. 2022ல் எரிசக்தி சேமிப்புச் சட்டத்தைத் திருத்தி, பெரிய குடியிருப்புகளையும் இந்த வரம்புக்குள் கொண்டுவர வழி செய்தார்கள்.

ஆக, அரை கிரவுண்டிலோ ஒரு கிரவுண்டிலோ வீடு கட்டுகிற ஒருவரிடம் இந்த வெப்பக் கணக்கை யாரும் கேட்கப் போவதில்லை. அதுவும் 2024 ஜூலையில் சுயசான்றிதழ் முறை வந்த பிறகு, 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை தரைத்தளமும் ஒரு மாடியும் கட்டுபவர்கள் ஆன்லைனில் உடனடியாக அனுமதி வாங்கிவிடலாம். இது நல்ல வசதி, அலைச்சல் மிச்சம். ஆனால் வரைபடத்தை இன்னொரு ஜோடிக் கண் பார்க்கும் வாய்ப்பும் அதோடு போய்விடுகிறது. அதனால்தான் சொல்கிறேன், கட்டாயம் இல்லாத சின்ன வீட்டுக்காரருக்குத்தான் இந்த விதித்தொகுப்பு அதிகம் உதவும். அபார்ட்மென்ட் கட்டும் கம்பெனிக்கு ஆலோசகர்கள் இருப்பார்கள், உங்களுக்கு நீங்கள்தான்.

முதல் படி: ஜன்னல் கணக்கு

விதித்தொகுப்பு நாட்டை ஐந்து தட்பவெப்ப மண்டலங்களாகப் பிரிக்கிறது. சென்னையும் தமிழ்நாட்டின் பெரும்பகுதியும் வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்த மண்டலத்தில் வருகின்றன. (ஊட்டி, கொடைக்கானல் பக்கம் கட்டுபவர்களுக்குக் கணக்கு வேறு, இந்தக் கட்டுரையின் எண்களை அப்படியே எடுக்க வேண்டாம்.) நம் மண்டலத்துக்கு திறக்கக்கூடிய ஜன்னல் பரப்பு, வீட்டின் தரைப்பரப்பில் குறைந்தது 16.66 சதவீதம் இருக்க வேண்டும். எளிதாகச் சொன்னால் ஆறில் ஒரு பங்கு. வறண்ட வெப்ப மண்டலத்துக்கு 10 சதவீதம்தான் கேட்கிறார்கள். நமக்கு ஏன் இவ்வளவு அதிகம் என்றால், ஈரக்காற்றில் வியர்வை காயாது, காற்று உடம்பின் மேல் ஓடினால் மட்டுமே காயும்.

இங்கே கவனிக்க வேண்டிய சொல் 'திறக்கக்கூடிய'. ஜன்னலின் மொத்த அளவை எடுக்கக் கூடாது. வெளியே திறக்கும் கதவு வைத்த ஜன்னலுக்கு 90 சதவீதம், இரண்டு கதவு ஸ்லைடிங்குக்கு 50 சதவீதம், மூன்று கதவு ஸ்லைடிங்குக்கு 67 சதவீதம் என்று கணக்கில் எடுக்கச் சொல்கிறது விதி. தரைத்தளத்தின் வாசல் கதவையும் கொல்லைக் கதவையும் சேர்க்கக் கூடாது. பால்கனிக்குத் திறக்கும் கதவைச் சேர்த்துக்கொள்ளலாம்.

ஒரு அறையைப் போட்டுப் பார்ப்போம். பத்துக்குப் பன்னிரண்டு படுக்கையறை, 120 சதுர அடி. ஆறில் ஒன்று 20 சதுர அடி. வழக்கமாக வைக்கும் நாலுக்கு நாலு ஜன்னல் ஒன்று 16 சதுர அடி. அதை யுபிவிசி, அதாவது பிளாஸ்டிக் சட்டம் வைத்த ஸ்லைடிங்காகப் போட்டால் கிடைப்பது 8 சதுர அடி, தேவையில் பாதிகூட இல்லை. அதே ஜன்னலை வெளியே திறக்கும் கதவாகப் போட்டால் 14.4. அதை ஐந்துக்கு நாலாக ஆக்கினால் 18, மேலே ஒரு வென்டிலேட்டர் சேர்த்தால் 20 வந்துவிடும். பழைய மர ஜன்னல்களெல்லாம் இரண்டு பக்கமும் விரியத் திறப்பவை. ஸ்லைடிங் வந்தபோது நாம் ஜன்னல் அளவைக் கூட்டாமல் விட்டதால் காற்று பாதியானது. விதித்தொகுப்பு இந்தக் கணக்கை மொத்த வீட்டுக்கும் சேர்த்துத்தான் கேட்கிறது, ஆனாலும் அறை அறையாகப் போட்டுப் பாருங்கள். ஹாலில் பெரிய பால்கனிக் கதவு இருந்தால் மொத்தக் கணக்கு சரியாகிவிடும், அந்த மூலை படுக்கையறை புழுங்கிக்கொண்டே இருக்கும்.

இரண்டு விஷயங்களை இப்போதே கார்பென்டரிடமோ ஜன்னல் கம்பெனியிடமோ பேசிவிடுங்கள். கொசுவலை முதலாவது. வலை இல்லாத ஜன்னல் நம் ஊரில் ஆறு மணிக்கு மேல் மூடிய ஜன்னல்தான், ஆறில் ஒரு பங்கு கணக்கெல்லாம் அத்தோடு போச்சு. கதவு வெளியே திறந்தால் வலைச்சட்டம் உள்பக்கம் வர வேண்டும், நடுவில் கிரில், அதற்கேற்ற அகலத்தில் நிலை வேண்டும், அதனால்தான் முன்கூட்டியே சொல்கிறேன். இரண்டாவது, ஒரே அறையில் ஒரே சுவரில் மட்டும் ஜன்னல் இருந்தால் காற்று உள்ளே வந்து போக வழி இல்லை. எதிர்ச்சுவரில் முடியாவிட்டால் பக்கச்சுவரிலாவது ஒன்று, அதுவும் முடியாவிட்டால் அறைக்கதவுக்கு மேல் திறக்கும் வென்டிலேட்டர்.

கறுப்புக் கண்ணாடி பற்றி ஒரு வரி. சுவர்ப்பரப்பில் 30 சதவீதம் வரை கண்ணாடி இருக்கும் வீட்டில் அந்தக் கண்ணாடி குறைந்தது 27 சதவீத வெளிச்சத்தையாவது உள்ளே விட வேண்டும் என்கிறது விதி. பகலில் லைட் போட வைக்கும் கண்ணாடி வேண்டாம்.

இரண்டாம் படி: வெயில் எந்தப் பக்கம் வருகிறது

மேற்குச் சுவர்தான் சுடும் என்று எல்லோருக்கும் தெரியும். விதித்தொகுப்பில் ஒவ்வொரு திசைக்கும் ஓர் எண் கொடுத்திருக்கிறார்கள், அந்தத் திசைச் சுவர் வாங்கும் வெயிலின் அளவு அது. நம் அட்சரேகைக்கு வடக்கு 0.659, தெற்கு 0.966, கிழக்கு 1.155, மேற்கு 1.156. கிழக்கும் மேற்கும் கிட்டத்தட்ட ஒன்று! காலையில் வெளிக்காற்று குளிர்ச்சியாக இருப்பதால் கிழக்கு வெயில் நமக்கு உறைப்பதில்லை, ஆனால் அந்த வெப்பமும் சுவருக்குள் இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது.

இன்னொன்று, வடக்கு. வட இந்தியாவுக்கு வடக்குத் திசை எண் 0.550, நமக்கு 0.659. சென்னையில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை உச்சிவெயிலே வடக்குப் பக்கமாகத்தான் சாய்ந்திருக்கும், அக்கினி நட்சத்திரம் முழுக்க அதற்குள் அடங்கிவிடுகிறது. டெல்லியில் படித்த பாடத்தை வைத்து வடக்கு ஜன்னலுக்கு சன்ஷேட் வேண்டாம் என்று ஒரு ஆர்க்கிடெக்ட் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

வடக்குக்கும் தெற்குக்கும் சூரியன் உயரத்தில் இருப்பதால் இரண்டடி சன்ஷேட் நன்றாக வேலை செய்யும். கிழக்கிலும் மேற்கிலும் வெயில் தாழ்வாக, கண்ணுக்கு நேராக வரும், சன்ஷேட் பாதி வேலைதான் செய்யும். அந்தப் பக்கங்களில் ஜன்னலைச் சின்னதாக்குங்கள், பால்கனியோ பக்கவாட்டுத் தடுப்போ கொடுங்கள், வெளியே மூங்கில் தட்டி தொங்கவிட ஒரு கொக்கியாவது போடச் சொல்லுங்கள். உள்ளே போடும் திரைச்சீலையில் பெரிய பலன் இல்லை, கண்ணாடியைத் தாண்டி வந்த வெப்பம் வந்ததுதான். மாடிப்படி, பாத்ரூம், ஸ்டோர், அலமாரிச் சுவர் இவற்றை மேற்கில் தள்ளினால் படுக்கையறைக்கும் வெயிலுக்கும் நடுவில் ஒரு இடைவெளி கிடைக்கும். செலவே இல்லாத திருத்தம் இது, பிளான் காகிதத்தில் இருக்கும்போது மட்டும்.

மூன்றாம் படி: கூரை

தனி வீட்டில் பணம் செலவழிக்க ஒரே ஒரு இடம்தான் உங்களால் முடியும் என்றால் அது கூரையாக இருக்கட்டும். சுவருக்குப் பக்கத்து வீட்டு நிழலாவது கிடைக்கும், கூரைக்கு காலை முதல் மாலை வரை எதுவும் கிடையாது.

விதி கேட்பது, கூரையின் யு மதிப்பு 1.2க்கு மேல் போகக் கூடாது என்று. யு மதிப்பு என்பது உள்ளுக்கும் வெளிக்கும் ஒரு டிகிரி வித்தியாசம் இருந்தால் ஒரு சதுர மீட்டர் வழியாக எத்தனை வாட் வெப்பம் கடக்கிறது என்ற அளவு. குறைவாக இருந்தால் நல்லது. இதைக் கண்டுபிடிக்க ஒவ்வொரு அடுக்கின் தடிமனையும் மீட்டரில் எடுத்து, அந்தப் பொருளின் வெப்பக் கடத்து எண்ணால் (அது எவ்வளவு எளிதாக வெப்பத்தைக் கடத்தும் என்ற அளவு) வகுத்து, எல்லாவற்றையும் கூட்டி, கூரையின் இரண்டு பக்கக் காற்றுக்காக 0.21 சேர்த்து, கடைசியில் ஒன்றை அந்தக் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும்.

நாம் வழக்கமாகப் போடும் கூரையை எடுத்துக்கொள்வோம். ஐந்து அங்குல கான்கிரீட், அதாவது 0.125 மீட்டரை 1.58 ஆல் வகுத்தால் 0.079. கீழே 12 மில்லிமீட்டர் சிமென்ட் பூச்சு, 0.017. மேலே மூன்று அங்குல சுண்ணாம்பு செங்கல் ஜல்லி வெதரிங் கோர்ஸ், ஏறக்குறைய 0.094. அதன் மேல் தட்டோடு, 0.025. எல்லாம் கூட்டி 0.21 சேர்த்தால் 0.425. ஒன்றை இதனால் வகுத்தால் யு மதிப்பு 2.35. விதி கேட்பதைப் போல இரண்டு மடங்கு! வெதரிங் கோர்ஸும் ஓடும் இல்லாத வெறும் கான்கிரீட் என்றால் 3.3 அளவுக்குப் போய்விடும்.

இப்போது இதே கூரையில் 25 மில்லிமீட்டர் எக்ஸ்பிஎஸ், அதாவது வெப்பம் தடுக்கும் நுரைப் பலகையைச் சேர்ப்போம். அதன் கடத்து எண் 0.03 என்று வைத்தால் 0.025ஐ 0.03 ஆல் வகுக்க 0.83 வருகிறது. முன்பு கிடைத்த 0.425 உடன் கூட்டினால் 1.26, யு மதிப்பு 0.79. ஒரே ஒரு அங்குலப் பலகை, வெப்பம் மூன்றில் ஒன்றாகக் குறைந்து, விதி கேட்பதைவிடக் கீழேயே வந்துவிட்டது. இந்த ஒரு கணக்கை மட்டும் போட்டுப் பார்த்தாலே போதும், ஏன் இதை எல்லா வீட்டிலும் போடுவதில்லை என்ற ஆதங்கம் உங்களுக்கும் வரும்.

போடும் வரிசை முக்கியம். கான்கிரீட், அதன் மேல் நீர்ப்புகா பூச்சு, அதன் மேல் பலகை, அதன் மேல் வாட்டம் கொடுத்த ஸ்கிரீட் (சிமென்ட் கலவை அடுக்கு), கடைசியில் ஓடு. பலகையை உள்பக்கம் சீலிங்கில் ஒட்டினாலும் கணக்கு ஒத்துவரும், ஆனால் அப்போது கான்கிரீட் முழு வெயிலையும் வாங்கி விரிந்து சுருங்கிக்கொண்டே இருக்கும், விரிசலுக்கும் ஒழுக்குக்கும் அது வழி. மேலே போடுவதுதான் சரி. எக்ஸ்பிஎஸ் கிடைக்காத ஊரில் இபிஎஸ் தெர்மோகோல் வகைப் பலகையில் அடர்த்தி அதிகமானதைக் கேட்டு 50 மில்லிமீட்டர் போடலாம், ஆனால் தண்ணீர் இறங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வெள்ளை கூலிங் டைல்ஸ் போட்டால் போதாதா என்று கேட்பார்கள். அது வெயிலைத் திருப்பி அனுப்புகிறது, நல்லதுதான், யு மதிப்புக் கணக்கில் மட்டும் அதற்கு இடமில்லை. தூசி படிந்தால் பலன் குறையும், வருஷா வருஷம் கழுவ வேண்டும். பலகை போட்டு அதன் மேல் வெள்ளை டைல்ஸ் என்பதுதான் என் பரிந்துரை, ஒன்றுக்கு மாற்றாக மற்றொன்று வேண்டாம்.

நான்காம் படி: சுவர்

அதே முறை, காற்றுக்காகச் சேர்ப்பது மட்டும் 0.17. ஒன்பது அங்குல செங்கல் சுவர், இரண்டு பக்கமும் பூச்சோடு, செங்கல்லின் தரத்தைப் பொறுத்து யு மதிப்பு 2க்கு அக்கம்பக்கம் வரும். எட்டு அங்குல ஏஏசி பிளாக், அதாவது உள்ளே காற்றுக் குமிழ்கள் உள்ள லேசான கான்கிரீட் கட்டி, 0.77. ஆறு அங்குல கான்கிரீட் சுவர் 3.5 அளவுக்குப் போகும்.

ஏஏசி பிளாக்கில் வெப்பம் குறைவு, எடையும் குறைவு. ஆனால் மேஸ்திரிக்குப் பழக்கம் இல்லாவிட்டால் பூச்சில் வெடிப்பு வரும். அதற்கென்று இருக்கும் ஒட்டுக்கலவையை மெல்லிசாகப் போட வேண்டும், தூணும் பிளாக்கும் சேரும் இடத்தில் வலை அடிக்க வேண்டும், கனமான அலமாரி தொங்கும் இடத்துக்குத் தனி ஆங்கர் வேண்டும். செங்கல் சூளைக்காக மேல்மண் போகிறது என்பதற்காக ஃப்ளை ஆஷ், அதாவது அனல்மின் நிலையச் சாம்பல் செங்கல்லைத் தேர்ந்தெடுப்பவர்கள் உண்டு. ஆரோவில் பக்கம் அழுத்தப்பட்ட மண் கட்டிகளில் அருமையாகக் கட்டுகிறார்கள். இரண்டுமே மண்ணுக்கும் எரிபொருளுக்கும் நல்ல தேர்வு, ஆனால் வெப்பம் தடுப்பதில் பெரிய லாபத்தை எதிர்பார்க்க வேண்டாம், அதற்கு நிழல்தான் துணை.

ஐந்தாம் படி: எல்லாவற்றையும் சேர்த்து ஒரே எண்

இதுதான் விதித்தொகுப்பின் மையம். ஆர்இடிவி என்பார்கள். கூரை நீங்கலாக வெளிச்சுவரும் ஜன்னலும் சேர்ந்து சராசரியாக ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை வாட் வெப்பத்தை உள்ளே விடுகின்றன என்ற எண். 15க்கு மேல் போகக் கூடாது.

நம் மண்டலத்துக்கான கணக்கு மூன்று துண்டு. முதல் துண்டு, ஒவ்வொரு பக்கச் சுவரின் பரப்பையும் அதன் யு மதிப்பையும் திசை எண்ணையும் பெருக்கி, நாலு பக்கத்தையும் கூட்டி, 5.15 ஆல் பெருக்குங்கள். இரண்டாவது, அதே மாதிரி கண்ணாடிப் பரப்பு, கண்ணாடியின் யு மதிப்பு, திசை எண், கூட்டி 1.31 ஆல். மூன்றாவது, கண்ணாடிப் பரப்பு, கண்ணாடி வழியாக வெயில் புகும் பின்னம், திசை எண், கூட்டி 65.21 ஆல். மூன்றையும் கூட்டி மொத்த வெளிப்பரப்பால் வகுத்தால் ஆர்இடிவி. சாதாரண ஒற்றைக் கண்ணாடிக்கு யு மதிப்பு 5.8, வெயில் புகும் பின்னம் 0.8 என்று வைத்துக்கொள்ளலாம். சன்ஷேட் இருந்தால் இந்தப் பின்னம் குறையும், எவ்வளவு என்பதற்கு விதித்தொகுப்பிலேயே அட்டவணை இருக்கிறது.

பத்துக்குப் பத்து மீட்டர் வீடு, தரைத்தளமும் ஒரு மாடியும், ஆறு மீட்டர் உயரம். ஒரு பக்கத்துக்கு 60 சதுர மீட்டர், மொத்தம் 240. கண்ணாடி வடக்கிலும் தெற்கிலும் 9, கிழக்கில் 7, மேற்கில் 5, ஆக 30 சதுர மீட்டர். செங்கல் சுவர், சன்ஷேட் இல்லை. மூன்று துண்டுகளும் முறையே 2,139, 217, 1,486. கூட்டி 240 ஆல் வகுத்தால் 16. தேறவில்லை.

இந்த எண்களைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பரப்பில் எட்டில் ஒரு பங்குதான் கண்ணாடி, ஆனால் உள்ளே வரும் வெப்பத்தில் 44 சதவீதம் அதன் வழியாக. அதனால் எல்லா ஜன்னலுக்கும் ஒழுங்காக சன்ஷேட் கொடுத்து வெயில் புகும் பின்னத்தை 0.55க்குக் கொண்டுவந்தால் அதே செங்கல் வீடு 14.1 ஆகி விதிக்குள் வந்துவிடுகிறது. சன்ஷேட் இல்லாமல் நாலு சுவரையும் ஏஏசி பிளாக்கில் கட்டினால் 10.5. கிழக்கையும் மேற்கையும் மட்டும் ஏஏசியில் கட்டி மற்ற இரண்டையும் செங்கல்லில் விட்டால் 12.7. ஏஏசியும் சன்ஷேடும் சேர்ந்தால் 8.6. பட்ஜெட் இடிக்கிறவர்களுக்கு அந்த 12.7 நல்ல வழி, தூண் வைத்துக் கட்டும் வீட்டில் இரண்டு பொருளைக் கலப்பதில் சிக்கல் பெரிதாக இல்லை. உங்கள் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் மட்டும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அதே வீட்டை ஆறு அங்குல கான்கிரீட் சுவரில், மைவான் என்று சொல்கிறார்களே அந்த முறையில், சன்ஷேட் இல்லாமல் கட்டினால் 22.7. சன்ஷேட் போட்டாலும் 20.8. இன்று சென்னையிலும் கோவையிலும் எழும் உயரமான அபார்ட்மென்ட்டுகளில் பல இந்த முறையில் வருகின்றன, வேகமாக முடிகிறது என்பதற்காக. அதில் ஃபிளாட் வாங்குபவர்கள் கிளப்ஹவுஸ், நீச்சல்குளம் பற்றிக் கேட்பதோடு, "இந்தக் கட்டடத்தின் ஆர்இடிவி எவ்வளவு, சுவரில் இன்சுலேஷன் எங்கே போட்டிருக்கிறீர்கள்?" என்று எழுத்தில் கேளுங்கள். 500 சதுர மீட்டர் தாண்டிய மனை என்றால் விதித்தொகுப்பே அவர்களை மனதில் வைத்து எழுதப்பட்டதுதான். முப்பது வருஷம் ஏசி பில் கட்டப் போவது நீங்கள்.

ஆறாம் படி: மழைநீர்

2003லேயே எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய மாநிலம் நம்முடையது. அதில் எனக்குப் பெருமை உண்டு. வருத்தம் என்னவென்றால், அனுமதிக்காகத் தோண்டிய குழிகளில் பல இன்று மண் மூடிக் கிடக்கின்றன.

ஆயிரம் சதுர அடி மொட்டை மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறத்தாழ 930 லிட்டர். சென்னையில் வருஷ சராசரி 140 சென்டிமீட்டர். சிந்தியது, ஆவியானது போக 80 சதவீதம் பிடித்தால் வருஷத்துக்கு ஒரு லட்சம் லிட்டர். 2019 கோடையில் லாரித் தண்ணீருக்குக் காத்திருந்தவர்களுக்கு இந்த எண்ணின் அருமையை நான் சொல்ல வேண்டியதில்லை.

முதலில் சம்புக்கு, சம்பு நிறைந்த பிறகு நிலத்துக்கு என்று குழாய் போடுங்கள். மொட்டை மாடிக் குழாயில் முதல் மழையை வெளியே தள்ள ஒரு வால்வு, அடுத்து ஒரு ஃபில்டர், பிறகு சம்பு. நிலத்துக்குள் விடுவதில் மண்ணைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும். பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற மணற்பாங்கான இடத்தில் சாதாரண கசிவுக்குழியே உறிஞ்சிவிடும். அண்ணா நகர் மாதிரி களிமண் உள்ள இடத்தில் அதே குழி தண்ணீர் தேங்கும் தொட்டியாகிவிடும், அங்கே களிமண்ணைத் தாண்டி மணல் அடுக்கு வரை போகும் உறைகிணறு வேண்டும், மூன்றடி விட்டத்தில் பதினைந்து அடி ஆழம் அளவுக்கு. மேலே கனமான மூடி, செப்டிக் டேங்கிலிருந்து தள்ளி. கேட் ஓரத்தில் குறுக்கே ஒரு கிரில் வாய்க்கால் போட்டால் தெருவுக்கு ஓடும் தண்ணீரும் உள்ளேயே நிற்கும். பக்க இடத்தை முழுவதும் கான்கிரீட் போட்டு மூடாதீர்கள், நடக்க ஒரு பாதை போதும். வருஷா வருஷம் செப்டம்பரில், வடகிழக்குப் பருவமழைக்கு முன், குழியைத் தூர்வார வேண்டும்.

ஏழாம் படி: மொட்டை மாடியில் சூரியனுக்கு இடம்

இப்போது வாங்கப் போவதில்லை என்றாலும் இடம் விட்டுவையுங்கள். ஒரு கிலோவாட்டுக்கு நிழல் விழாத 100 சதுர அடி, ஒரு நாளைக்குச் சராசரியாக 4 யூனிட் அளவுக்குக் கிடைக்கும். 2024ல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 2 கிலோவாட் வரை ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 3 கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும் மொத்தமாக 78,000 ரூபாய் மானியம் என்று அறிவித்தார்கள். பேனல் தெற்கு பார்த்துச் சற்றே சாய்ந்திருக்க வேண்டும்.

சிக்கல் தண்ணீர்த் தொட்டியில் வரும். வாஸ்து பார்ப்பவர்கள் தொட்டியைத் தென்மேற்கு மூலையில் உயரமாக வைக்கச் சொல்வார்கள், மதியத்துக்கு மேல் அதன் நிழல் வடகிழக்காக நீண்டு பேனல் மேல் விழும். வாஸ்துவை விட முடியாத வீட்டில் சண்டை போட வேண்டாம், தொட்டியைத் தாழ்வாக, படுக்கை வாக்கில் வையுங்கள், பேனலைத் தென்கிழக்குப் பக்கம் தள்ளுங்கள். மாடிப்படித் தலைக்கட்டு வடக்கிலோ மேற்கிலோ போகட்டும். மாடியிலிருந்து மீட்டர் பெட்டி வரை ஒரு காலி பைப்பை இப்போதே சுவருக்குள் புதைத்துவிடுங்கள், பின்னால் சுவரை உடைக்க வேண்டாம்.

மின்விசிறி, ஏசி, லைட் பற்றி நீட்ட வேண்டியதில்லை. மின்சாரம் குறைவாக இழுக்கும் பிஎல்டிசி விசிறி 30 வாட் அளவில் ஓடும், பழையது 75. ஏசி வாங்கினால் ஐந்து நட்சத்திரம். இவற்றை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், அதனால்தான் கடைசியில் வைத்தேன்.

எட்டாம் படி: ஒப்பந்தத்தில் எழுதுங்கள், கண்ணால் பாருங்கள்

காண்டிராக்டரோடு போடும் ஒப்பந்தத்தில் "நல்ல தரமான வெதரிங் கோர்ஸ்" என்று இருந்தால் அதற்கு அர்த்தம் கிடையாது. "25 மில்லிமீட்டர் எக்ஸ்பிஎஸ் பலகை, கான்கிரீட்டுக்கு மேல், நீர்ப்புகா பூச்சுக்கு மேல்" என்று தடிமனோடு இருக்க வேண்டும். ஜன்னல் அட்டவணையில் அளவு மட்டும் இல்லாமல் எந்த வகைத் திறப்பு, வலை எந்தப் பக்கம் என்று ஒவ்வொன்றுக்கும் எழுதச் சொல்லுங்கள். சன்ஷேட் எவ்வளவு நீளம், ஜன்னலுக்கு இரண்டு பக்கமும் எவ்வளவு தள்ளி வர வேண்டும் என்பதும் வரைபடத்தில் இருக்கட்டும். ஜன்னலுக்கு மேல் வரும் லிண்டல் கான்கிரீட்டோடு சேர்ந்து போவது அது, அந்த நாள் தவறினால் தவறியதுதான். பக்க இடைவெளிக்குள் சன்ஷேட் எவ்வளவு நீட்டலாம் என்பதற்கு விதிகளில் வரம்பு உண்டு, இன்ஜினியர் அதைப் பார்த்துப் போடுவார்.

வேலை நடக்கும்போது மூன்று நாள் மட்டும் நீங்களே சைட்டில் இருங்கள். லிண்டல் பலகை அடிக்கும் நாள், கூரைப் பலகை பரப்பும் நாள், உறைகிணறு இறக்கும் நாள். பலகை பரப்பியதும் ஸ்கிரீட் போடுவதற்கு முன் இஞ்ச் டேப் வைத்து ஓரத்தில் தடிமனை அளந்து, தேதி தெரிய போட்டோ எடுத்து வையுங்கள். இரண்டு பலகைக்கு நடுவில் விரல் நுழையும் இடைவெளி இருந்தால் அன்றைக்கே நிறுத்தி அடைக்கச் சொல்லுங்கள், ஸ்கிரீட் கலவை அதற்குள் இறங்கிவிட்டால் வெப்பம் கடக்க அந்த இடமே பாலமாகிவிடும்.